மருந்து தெளிக்கும் ஆளில்லா விமானம்: வயலில் இறக்குமுன் அறிய வேண்டியவை

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், சுங்குவார்சத்திரம் வட்டாரங்கள் ஏரிப் பாசனத்தை நம்பிச் சொர்ணவாரி, சம்பா, நவரை ஆகிய பட்டங்களில் நெல் விளைவித்து வந்த பகுதிகளாகும். 1990-களின் பிற்பகுதி தொடங்கி இங்கு கார், லாரி, மோட்டார் சைக்கிள், கைப்பேசி ஆகியவற்றைச் செய்யும் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஊர் இளைஞர்களும் பெண்களும் பலர் ஆலை வேலைக்குச் சென்றுவிட்டனர். நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆள் கிடைப்பது அரிதாகிவிட்டது. முதுகில் தெளிப்பானைச் சுமந்து, சேற்றில் நடந்து மருந்தடிக்க ஆள் கிடைப்பது அதைவிட அரிது.

இந்தக் குறையைப் போக்க வந்திருப்பதுதான் மருந்து தெளிக்கும் ஆளில்லா விமானம். மக்கள் இதனை 'டிரோன்' என்றே அழைக்கின்றனர். இப்போது பல ஊர்களில் இதனை வாடகைக்கு எடுத்துச் செல்வோர் உள்ளனர். ஆனால் வயலுக்கு வரும் எல்லா டிரோன்களும் ஒரே தரமானவை அல்ல. எல்லாவற்றுக்கும் உரிய சான்றும் இல்லை. சான்றில்லாத கருவியால் அண்டை வயல் கருகினாலோ, குட்டையில் மீன் செத்தாலோ, விசிறி பட்டு ஒருவர் காயமுற்றாலோ, அந்த இழப்பு இறுதியில் விவசாயியின் தலையில்தான் விழும். ஆகவே இக்கருவி எவ்வாறு வேலை செய்கிறது, சட்டம் என்ன சொல்கிறது, எவற்றைக் கேட்டுப் பார்த்து வயலில் இறக்க வேண்டும் என்பவற்றை விவசாயப் பெருமக்கள் தெரிந்துகொள்வது அவசியமாகும்.

கருவி வேலை செய்யும் முறை

தெளிப்பு டிரோனில் நான்கு அல்லது ஆறு சுழல் விசிறிகள், மின்சார மோட்டார்கள், மின்கலம், மருந்துத் தொட்டி, சிறு பம்பு, தெளிப்பு முனைகள் ஆகியவை உள்ளன. செயற்கைக்கோள் உதவியால் தன் இருப்பிடத்தை அறிந்து, வரப்பின் எல்லையைக் குறித்துக் கொடுத்தால் அதற்குள் வரிசை வரிசையாகத் தானே பறந்து தெளிக்கும். பயிருக்கு மேல் சுமார் 2 முதல் 3 மீட்டர் உயரத்தில் பறக்கும். விசிறிகள் கீழ்நோக்கித் தள்ளும் காற்று, இலைகளை அசைத்து மருந்துத் துளிகளை உள்ளே செலுத்த உதவுகிறது.

பெரும்பாலான கருவிகளின் தொட்டி 10 லிட்டர் கொள்ளும். ஒரு ஏக்கருக்கு ஏறத்தாழ 10 லிட்டர் கரைசல் போதும். தெளிக்க ஆகும் நேரம் 10 நிமிடத்திற்குள்தான். கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்பதை நாம் அறிவோம். தண்ணீரும் நேரமும் மிச்சமாவதுடன், மருந்தடிப்பவர் மருந்துப் புகையினூடே நடக்க வேண்டிய நிலையும் இல்லை.

ஆனால் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறைவது தண்ணீரின் அளவே. ஏக்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட மருந்தின் அளவு குறைவதில்லை. ஏக்கருக்கு 200 மி.லி. மருந்து என்று வைத்துக்கொள்வோம். 200 லிட்டர் தண்ணீரில் கலந்தால் லிட்டருக்கு 1 மி.லி. ஆகிறது. அதையே 10 லிட்டரில் கலந்தால் லிட்டருக்கு 20 மி.லி. ஆகிறது. அதாவது கரைசல் 20 மடங்கு வீரியமுள்ளது. துளியும் நுண்ணியது. இந்த வீரியமுள்ள நுண்துளி காற்றில் அடித்துச் செல்லப்பட்டால், கைத்தெளிப்பானைவிட அதிகத் தீங்கு செய்யக்கூடும். மருந்தைக் கலந்து தொட்டியில் ஊற்றுபவருக்கும் ஆபத்து கூடுகிறது. டிரோனுக்குத் தனிச் சட்டமும் சோதனையும் தேவைப்படுவதன் காரணம் இதிலேயே அடங்கியுள்ளது.

வானிலிருந்து தெளிப்பதற்கு ஏன் கட்டுப்பாடு?

வானிலிருந்து மருந்து தெளிப்பது நமக்குப் புதியதன்று. சிறு விமானங்களையும் ஹெலிகாப்டர்களையும் கொண்டு நெல், பருத்தி முதலிய பயிர்களுக்கு மருந்து தெளிக்கும் பணி நம் நாட்டில் பல்லாண்டுகளுக்கு முன்பே நடைபெற்றுள்ளது. ஜப்பானில் யமஹா நிறுவனம் 1987-இல் நெல் வயலுக்கென ஆளில்லா ஹெலிகாப்டரை உருவாக்கியது. இன்றைய டிரோன்கள் அதன் வழிவந்தவை எனலாம்.

இம்முறையின் மறுபக்கத்தையும் நாம் கண்டிருக்கிறோம். கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களில் 1970-களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டர் மூலம் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. தோட்டத்தைச் சூழ்ந்த வீடுகள், கிணறுகள், ஓடைகள் மீதும் மருந்து படிந்தது. அங்குள்ள மக்களின் உடல்நலக் கேடுகள் பற்றிய வழக்குகளும் போராட்டங்களும் நீண்ட காலம் நடந்தன. 2011 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. வானிலிருந்து விழும் மருந்து வரப்பைப் பார்த்து நிற்பதில்லை என்பதே இதிலிருந்து கிடைக்கும் பாடமாகும்.

பூச்சிமருந்துச் சட்டம் 1968-இன் கீழ் வந்த 1971-ஆம் ஆண்டு விதிகள் இதற்கு அப்போதே வழி வகுத்தன. தெளிக்கும் பரப்பை அடையாளமிடுவது தெளிப்பவரின் பொறுப்பு. அனுமதிக்கப்பட்ட மருந்தை அனுமதிக்கப்பட்ட அளவிலும் உயரத்திலும் மட்டுமே தெளிக்க வேண்டும். குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் ஊர் மக்களுக்கு அறிவிக்க வேண்டும். தொடர்பில்லாதவர்களும் கால்நடைகளும் அப்பரப்பில் நுழையாமல் தடுக்க வேண்டும். ஓட்டுநருக்கு மருந்தின் நச்சுத்தன்மை பற்றியும் பயிற்சி வேண்டும் என்பன அவை. 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் டிரோனுக்கென நடைமுறை வழிகாட்டுதலைத் தனியே வெளியிட்டது. 2022 ஏப்ரலில் 477 மருந்துகளை டிரோன் மூலம் தெளிக்க 2 ஆண்டு இடைக்கால அனுமதி வழங்கப்பட்டது. இத்தகைய அனுமதிகள் காலவரையறை உடையவை. ஆகவே, ஒவ்வொரு பட்டத்திலும் மருந்து வாங்குமுன் வேளாண்மை அலுவலரைக் கேட்டு உறுதி செய்துகொள்வது நலம்.

பறப்பதற்கான சட்டம்

2014 அக்டோபரில் சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககம், பொதுமக்கள் ஆளில்லா விமானங்களைப் பறக்கவிடுவதைத் தடை செய்தது. 2018 டிசம்பர் 1 முதல் கட்டுப்பாடுகளுடன் அனுமதி வந்தது. அதில் விண்ணப்பங்களும் கட்டணங்களும் மிகுதி. 2021 ஆகஸ்டில் வெளியான டிரோன் விதிகள் இவற்றைப் பெரிதும் எளிதாக்கின. 25 படிவங்கள் 5 ஆகவும், 72 வகைக் கட்டணங்கள் 4 ஆகவும் குறைந்தன. விவசாயிகள் அறிய வேண்டிய பகுதிகள் வருமாறு:

1. எடை வகை: கருவி, மின்கலம், நிரப்பிய மருந்து எல்லாம் சேர்ந்த மொத்த எடையைக் கொண்டு வகை பிரிக்கப்படுகிறது. 250 கிராம் வரை நானோ. 2 கிலோ வரை மைக்ரோ. 25 கிலோ வரை சிறிய வகை. 150 கிலோ வரை நடுத்தர வகை. அதற்கு மேல் பெரிய வகை. 10 லிட்டர் தெளிப்பு டிரோன்கள் பல 25 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக அமைந்து 'சிறிய' வகையில் வருகின்றன. அதிகக் கொள்ளளவுள்ள தொட்டி உடையவை 'நடுத்தர' வகைக்குச் சென்றுவிடும். ஓட்டுநரின் சான்றும் அந்த வகைக்கு உரியதாக இருக்க வேண்டும்.

2. மாதிரிச் சான்று: ஒவ்வொரு மாதிரி டிரோனும் சோதனையில் தேறிச் சான்று பெற்றிருக்க வேண்டும். விவசாய டிரோனுக்கான முதல் மாதிரிச் சான்று 2022 ஜூனில் வழங்கப்பட்டது.

3. பதிவு எண்: லாரிக்கும் டிராக்டருக்கும் உள்ளதுபோல ஒவ்வொரு டிரோனுக்கும் தனி அடையாள எண் உண்டு.

4. ஓட்டுநர் சான்று: 18 முதல் 65 வயதுக்குட்பட்ட, 10-ஆம் வகுப்புத் தேறிய எவரும் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையத்தில் பயின்று சான்று பெறலாம். இது 10 ஆண்டுகள் செல்லும். சென்னை குரோம்பேட்டையிலுள்ள அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகம் இத்துறையில் நீண்ட அனுபவம் உடையது.

5. காப்பீடு: நானோ வகை நீங்கலாக மற்றவற்றுக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். விபத்து நேர்ந்தால் 48 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும்.

6. தண்டனை: விதிகளை மீறினால் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்.

இவ்விதிகள் 1934-ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் கீழ் செய்யப்பட்டவை. அச்சட்டத்திற்குப் பதிலாக 2025 ஜனவரி 1 முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது.

பச்சை, மஞ்சள், சிவப்பு

நாட்டின் வான்பரப்பு மூன்று நிறங்களாகப் பிரிக்கப்பட்டு, 'டிஜிட்டல் ஸ்கை' என்னும் மின்னணுத் தளத்தில் வரைபடமாக வெளியிடப்பட்டுள்ளது. பச்சைப் பரப்பில் 400 அடி உயரம் வரை பறக்க முன்அனுமதி தேவையில்லை. மஞ்சள் பரப்பில் விமானக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்புப் பரப்பில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கவே கூடாது.

"என் பயிருக்கு மேல் 10 அடி உயரத்தில்தானே பறக்கிறது, அதற்கு ஏன் அனுமதி?" என்று விவசாயிகள் கேட்கலாம். விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் சிவப்பும், 5 முதல் 8 கிலோமீட்டர் வரை மஞ்சளும் தரைமட்டத்திலிருந்தே தொடங்குகின்றன. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்கு மேல்தான் அனுமதி தேவை. எனவே நிலையத்துக்கு அருகிலுள்ள வயலில் 10 அடியும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தார் இதனை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். கிழக்கே மீனம்பாக்கம் விமான நிலையமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் உள்ளன. வடமேற்கே அரக்கோணத்தில் கடற்படை விமானத் தளம் உள்ளது. மேற்கே பரந்தூரில் சென்னையின் இரண்டாவது விமான நிலையம் திட்டமிடப்பட்டு, 2025 ஏப்ரலில் மத்திய அரசின் கொள்கை அளவிலான ஒப்புதலைப் பெற்றது. அந்நிலையம் இயங்கும் காலத்தில், இன்று பச்சையாக உள்ள வயல்கள் பலவும் மஞ்சளாகவோ சிவப்பாகவோ மாறும். மேலும், முக்கியப் பிரமுகர் வருகை போன்ற நேரங்களில் 96 மணி நேரம் வரை ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்புப் பரப்பாக அறிவிக்கவும் அதிகாரம் உண்டு. ஆகவே சென்ற பட்டத்தில் பார்த்த வரைபடம் இந்தப் பட்டத்திற்குப் போதாது. தெளிக்கும் நாளன்றே பார்க்க வேண்டும்.

வல்லம் வடகாலில் சோதனை மையம்

மாதிரிச் சான்று பெற ஒரு கருவியைப் பல வகையில் சோதிக்க வேண்டும். பாரத்துடன் நிலையாகப் பறக்கிறதா, வெயிலையும் ஈரத்தையும் தூசியையும் அதிர்வையும் தாங்குகிறதா, கட்டுப்பாட்டு அலைவரிசை அறுந்தால் தானே திரும்பி வருகிறதா, குறித்த எல்லைக்குள் நிற்கிறதா என்பவை அவற்றுள் சில. சிறிய உற்பத்தியாளர் ஒவ்வொருவரும் இதற்கான சாதனங்களைத் தாமே நிறுவுவது இயலாத காரியம். சோதனைக்கு வெளிமாநிலம் சென்று காத்திருந்தால் செலவும் காலமும் கூடும். அச்செலவு கருவியின் விலையில் ஏறி, வாடகையாக விவசாயியிடம் வந்து சேரும்.

இக்குறையைப் போக்க, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் ஆளில்லா விமானங்களுக்கான பொதுச் சோதனை மையம் திட்டமிடப்பட்டது. இதன் மதிப்பீடு சுமார் 45 கோடி ரூபாய். பாதுகாப்பு அமைச்சகம் 2020-இல் தொடங்கிய சோதனைக் கட்டமைப்புத் திட்டத்தின் கீழ் இது வருகிறது. அத்திட்டத்தில் செலவில் 75 சதவிகிதம் வரை மத்திய அரசு மானியமாகத் தருகிறது. மீதியைப் பங்கேற்கும் நிறுவனங்களும் மாநில அரசும் ஏற்கின்றன. தமிழ்நாடு தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோ இதனை ஒருங்கிணைக்கிறது. கேரள அரசு நிறுவனமான கெல்ட்ரான் பங்கேற்பாளர்களுக்குத் தலைமை ஏற்றுள்ளது. இதற்கான புரிந்துணர்வு ஒப்பந்தம் 2024 ஜூலை 2 அன்று கையெழுத்தாயிற்று.

இது பாதுகாப்புத் துறைத் திட்டமாயினும், சிவில் டிரோன்களுக்கும் பயன்படக்கூடிய ஏற்பாடாகும். ஓர் ஏரிக்கரை ஊரில் பறக்கும் கருவி, அதே வெயிலும் ஈரக்காற்றும் உள்ள இடத்தில் சோதிக்கப்படுவது நன்மையே. ஆனால் சோதனை மையம் அருகில் இருப்பதனாலேயே வயலுக்கு வரும் கருவி சோதிக்கப்பட்டதாகிவிடாது. சான்றைக் கேட்டுப் பார்ப்பது விவசாயியின் கையில்தான் உள்ளது.

தொழிலின் நிலையும் மானியமும்

2022 பிப்ரவரி 9 அன்று, முழுதாகச் செய்யப்பட்ட வெளிநாட்டு டிரோன்களை இறக்குமதி செய்வதை மத்திய அரசு தடை செய்தது. ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. உள்நாட்டு உற்பத்தியை ஊக்குவிக்க 2021-இல் 120 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. சென்னையில் தக்ஷா, கருடா ஏரோஸ்பேஸ் முதலிய நிறுவனங்கள் விவசாய டிரோன்களைத் தயாரிக்கின்றன. இவற்றுள் தக்ஷா, உர நிறுவனமான கோரமண்டல் இன்டர்நேஷனலைச் சார்ந்தது. எனினும் மோட்டார், மின்கலத்தின் உட்கூறுகள், மின்னணுச் சில்லுகள் போன்றவற்றுக்கு இத்தொழில் இன்னும் வெளிநாட்டையே பெரிதும் நம்பியுள்ளது. எனவே ஒரு பாகம் பழுதானால் மாற்றுப் பாகம் எத்தனை நாளில் கிடைக்கும் என்று வாங்குமுன் கேட்பது நன்று. 2025 செப்டம்பர் 22 முதல் டிரோன்கள் மீதான சரக்கு சேவை வரி 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது.

2022-இல் வெளியான வேளாண் இயந்திரமயமாக்கல் திட்ட வழிகாட்டுதலின்படி, சிறு, குறு விவசாயிகள், பெண்கள், ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆகியோருக்கு விலையில் 50 சதவிகிதம், அதிக அளவாக 5 லட்சம் ரூபாய் வரை மானியம் வகுக்கப்பட்டது. மற்ற விவசாயிகளுக்கு 40 சதவிகிதம், 4 லட்சம் ரூபாய் வரை. 2023 நவம்பரில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கென 'நமோ டிரோன் தீதி' திட்டம் தொடங்கப்பட்டது. 1,261 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் 15,000 குழுக்களுக்கு, 80 சதவிகிதம், 8 லட்சம் ரூபாய் வரை மானியம் என்பது இதன் அமைப்பு. குழு உறுப்பினர் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி அளிக்கப்படுகிறது. அதில் 5 நாள் ஓட்டுநர் பயிற்சி. 10 நாள் உரம், மருந்து தெளிப்புப் பயிற்சி. கருவியுடன் காற்றின் வேகத்தை அளக்கும் கருவியும் தண்ணீரின் கார அமிலத் தன்மையை அளக்கும் கருவியும் தரப்படுகின்றன. மானிய விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடுமாதலால், விண்ணப்பிக்குமுன் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரிக்க வேண்டும்.

வாடகைக்கு எடுக்குமுன் கேட்க வேண்டியவை

1. இக்கருவிக்கு மாதிரிச் சான்றும் தனி அடையாள எண்ணும் உள்ளனவா? எண்ணைக் கருவியின் மேல் காட்டச் சொல்லுங்கள்.
2. ஓட்டுபவருக்கு இந்த எடை வகைக்கான சான்று உண்டா?
3. மூன்றாம் நபர் காப்பீடு நடப்பில் உள்ளதா? முடியும் தேதி என்ன?
4. நம் சர்வே எண் எந்த நிறப் பரப்பில் உள்ளது? வரைபடத்தை இன்று பார்த்தீர்களா?
5. சென்ற முறை இத்தொட்டியில் என்ன மருந்து ஊற்றப்பட்டது? களைக்கொல்லி ஊற்றிய தொட்டியையும் குழாயையும் நன்கு கழுவாமல் பயன்படுத்தினால் பயிர் கருகிவிடும்.

இவற்றுக்கு விடையளிக்கத் தயங்குபவரின் கருவியை, வாடகை எவ்வளவு குறைவாயினும், வயலில் இறக்கலாகாது. கருவியின் அடையாள எண், தெளித்த தேதி, நேரம், மருந்தின் பெயர், அளவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால், பின்னர் தகராறு எழுந்தால் உதவும்.

தெளிக்கும் நாளில்

ஊராட்சிக்கும் அண்டை வயல்காரருக்கும் முதல்நாளே தெரிவிக்க வேண்டும். காலையிலோ மாலையிலோ காற்று அடங்கிய வேளையில் தெளிப்பது சிறந்தது. இலைகளும் சிறு கிளைகளும் விடாமல் ஆடும் அளவுக்குக் காற்று வீசினால் தெளிப்பதை நிறுத்திவிட வேண்டும். மின்கம்பி, மரம் ஆகியவற்றை முன்னரே ஓட்டுநருக்குக் காட்ட வேண்டும். மருந்து கலப்பவர் கையுறை, முகமூடி, கண்ணாடி அணிவது அவசியம்.

ஏரி, கிணறு, மீன் குட்டை, தேனீப் பெட்டி, பட்டுப்புழுவுக்கான மல்பெரித் தோட்டம் ஆகியவை இருக்கும் பக்கம் போதிய இடைவெளி விட்டு, அவ்வோரத்தைக் கைத்தெளிப்பானால் முடித்துக்கொள்ளலாம். இவ்வட்டாரத்திலுள்ள செம்பரம்பாக்கம் ஏரி சென்னை மக்களுக்குக் குடிநீர் தருவது. அதற்கு நீர் கொண்டுசெல்லும் கால்வாய் ஓரங்களில் தொட்டியைக் கழுவுவது பெருந்தீங்காகும்.

எல்லாப் பூச்சிக்கும் டிரோன் ஒன்றே தீர்வு என எண்ணலாகாது. இலைச்சுருட்டுப் புழு போல மேற்பகுதியைத் தாக்குபவற்றுக்கு இது ஏற்றது. புகையான் தூரின் அடியில் தங்குவது. மேலிருந்து விழும் நுண்துளி அடர்ந்த பயிரில் அடிவரை இறங்குவது கடினம். நீர் பட்டால் நிறம் மாறும் தாளைத் தூரின் அடியில் செருகி வைத்து, சிறிது பரப்பில் தண்ணீரை மட்டும் தெளித்துப் பார்த்தால் துளி எங்குவரை இறங்குகிறது என்பது தெரிந்துவிடும். இறங்கவில்லையெனில் கைத்தெளிப்பானையே நாட வேண்டும். பூச்சியின் எண்ணிக்கை பொருளாதாரச் சேத நிலையை எட்டுமுன், கருவி வந்திருக்கிறது என்பதற்காக மருந்தடிப்பது வீண் செலவே.

ஆலைகள் ஆட்களை இழுத்துக்கொண்ட இப்பகுதியில், எஞ்சியுள்ள நெல் வயல்களைக் காக்க டிரோன் நல்ல துணையாக அமையும். ஊரிலுள்ள படித்த பெண்களுக்கும் இளைஞர்களுக்கும் இது சொந்த ஊரிலேயே ஒரு தொழிலாகும். ஆனால் சோதித்த கருவி, பயின்ற ஓட்டுநர், அனுமதிபெற்ற மருந்து, அடங்கிய காற்று ஆகிய நான்கும் ஒருங்கே அமைந்தால்தான் பலன் உண்டு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் அன்றைய தெளிப்பைத் தள்ளிவைப்பதே மேல். விவசாயப் பெருமக்கள் சான்றுகளைக் கேட்டறிந்து, வட்டார வேளாண்மை அலுவலரைக் கலந்து, இப்புதிய கருவியைப் பயன்படுத்திப் பயனடைய வேண்டுகிறோம்.